தசை மெலியும் மகனுக்கு எவ்வளவு உடற்பயிற்சி?

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. இரண்டு வருடமாக வலது கை மெலிந்து வருகிறது, இப்போது இடது காலும். காதும் மந்தம். 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அவன் ஜிம்மில் வெயிட் தூக்குகிறான். என் மாமியார் அசையாமல் படுக்கச் சொல்கிறார். பிசியோதெரபியில் சொன்னதைச் செய்வதில்லை என்றும் புகார். என்ன செய்வது டாக்டர்?

பதில்: மோட்டார் நியூரான் நோய் என்று இணையத்தில் தேடிப் பயந்திருப்பீர்கள் அம்மா. அங்கே வருவது பெரும்பாலும் வேகமாக முற்றும் ஏ.எல்.எஸ். நோய். இது வேறு. 1970-ல் சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் இதை விவரித்தார்கள். பெரும்பாலும் 30 வயதுக்குள் தொடங்கும், மிக மெதுவாகவே நகரும். இந்த உடம்போடு அவன் நெடுங்காலம் வாழ வேண்டும். அதனால்தான் பயிற்சியில் இத்தனை கவனம்.

தசையை இயக்கும் நரம்பு செல்கள் குறைந்துவிட்டன. இருப்பவைதான் எல்லாப் பாரத்தையும் சுமக்கின்றன. மெலிந்த கையை வெயிட் தூக்கித் தேற்ற முடியாது, அதை நிறுத்தச் சொல்லுங்கள். படுத்தே கிடந்தாலோ மூட்டு இறுகும், நல்ல தசையும் வலுவிழக்கும். தினமும் மூட்டுகளை முழுசாக மடக்கி நீட்டட்டும். நடை, நிலையான சைக்கிள் எல்லாம் நல்லது, இடையிடையே ஓய்வோடு. சரி, எவ்வளவு நேரம்? மறுநாள் காலை சட்டை பட்டன் போடும்போது கவனியுங்கள். விரல்கள் முந்தைய நாளைவிடத் தடுமாறினால் அளவு மீறிவிட்டது.

அவனுடைய இடது செருப்பைத் திருப்பிப் பாருங்கள். முனை மட்டும் தேய்ந்திருந்தால் பாதம் தொங்கி உரசுகிறது என்று அர்த்தம். கணுக்காலைத் தாங்கும் லேசான பிளாஸ்டிக் பட்டை போட்டால் தடுக்கி விழுவது குறையும்.

தண்ணீர் குடிக்கையில் புரை ஏறுகிறதா? இந்த நோயில் தொண்டைத் தசையும் பலவீனமாகலாம். தள்ளிப்போடாமல் பேச்சு, விழுங்கல் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்து சிறு சிறு வாயாகக் குடிக்கட்டும்.

அப்புறம் அந்தப் புகார். காது மந்தமும் இதே நோயின் அறிகுறிதான். குப்புறப் படுத்திருக்கும்போது பின்னாலிருந்து சொன்னால் அவனுக்கு எப்படிக் கேட்கும்? பையனைத் திட்டாதீர்கள். இந்த வாரமே செவித்திறன் பரிசோதனை செய்யுங்கள். காது கேட்கும் கருவி தேவைப்பட்டால் வாங்கிக் கொடுங்கள். பிசியோதெரபிஸ்ட்டிடம் எதிரே நின்று, முகம் பார்த்து, செய்துகாட்டிச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள்.