எலெக்ட்ரிக் கிட்டாரின் பூச்சை வீட்டிலேயே பழசாக்க முடியுமா? சிங்கப்பூரின் வீவக (HDB) அடுக்குமாடி வீட்டில் இதைச் செய்யலாமா?

உங்களிடம் இருப்பது சன்பர்ஸ்ட் நிற (ஓரம் கறுத்து நடு வெளிறிய) ஸ்குவையர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், ஃபெண்டரின் மலிவு வரிசைக் கிட்டார். ஓரங்களில் பூச்சு தேய்ந்து மரம் தெரிய வேண்டும், உடல் முழுக்க மயிரிழை வெடிப்புகளும் வேண்டும் என்கிறீர்கள். குளிர்பதனப் பெட்டியின் ஃபிரீசரில் வைத்து எடுத்தால் வெடிக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மரம் தெரிய வைக்கலாம். நாலறை வீட்டிலேயே, கையாலேயே செய்யலாம். வெடிப்பு மட்டும் உங்கள் கிட்டாரில் வராது. ஃபிரீசரில் வைத்தாலும் வராது.

காரணம் பூச்சின் வகை. 1950களிலும் 60களிலும் ஃபெண்டர், கிப்சன் கிட்டார்களில் பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அடித்தார்கள். அது மெல்லிய பூச்சு. வருடக்கணக்கில் காய்ந்து காய்ந்து, வளைந்துகொடுக்கும் தன்மையை இழந்துவிடும். குளிர்நாட்டில் பனியில் நின்ற காரிலிருந்து கிட்டாரை எடுத்து வந்து சூடான அறையில் பெட்டியைத் திறந்தால், மரம் ஒரு வேகத்தில் விரியும், லாக்கர் அதற்கு ஈடுகொடுக்காமல் கோடு கோடாக வெடிக்கும். பழைய கிட்டார்களில் நாம் பார்க்கும் வெடிப்பு இதுதான். 1960களின் கடைசியில் ஃபெண்டர் தடிமனான பாலியெஸ்டருக்கு மாறத் தொடங்கியது. இன்றைய ஸ்குவையர், எபிஃபோன், யமஹா பசிஃபிக்கா போன்றவற்றில் இருப்பது பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர். இது காய்ந்து இறுகுவதில்லை, வேதிவினையால் இறுகுகிறது. இருபது வருடம் கழித்தும் புதிதாகவே பளபளக்கும்.

சந்தேகம் இருந்தால் இப்படிச் சோதிக்கலாம். பின்பக்க மூடியைக் கழற்றி, உள்ளே பூச்சு சிதறியிருக்கும் இடத்தில், அசிட்டோன் தொட்ட பஞ்சுக் குச்சியை வைத்துப் பாருங்கள். இளகி ஒட்டினால் லாக்கர். அசையாமல் இருந்தால் பாலி. வெளியே தெரியும் இடத்தில் இதைச் செய்யவே வேண்டாம்.

தூசி ஊதும் காற்று டின்னைத் தலைகீழாகப் பிடித்துப் பீய்ச்சி வெடிப்பு வரவைக்கும் முறை நைட்ரோ பூச்சுக்கு மட்டும்தான் பலிக்கும். அந்த டின்கள் பலவற்றில் இருப்பது டைஃபுளூரோஈத்தேன். தீப்பற்றும் வாயு, சுமார் மைனஸ் 25 டிகிரியில் கொதிக்கும். தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். கேஸ் அடுப்பு இருக்கும் வீட்டில், அதிலும் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் துணி காயப்போடும் இடத்தில், அதைப் பீய்ச்சக் கூடாது. உங்கள் கிட்டாருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்பதால் அந்த யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது நெக்கை, அதாவது கிட்டாரின் கழுத்தைத்தான். கிட்டாரைப் பழசாக்குவதில் கைக்குத் தெரியும் மாற்றம் அங்கேதான் கிடைக்கிறது. சிங்கப்பூர் புழுக்கத்தில் பளபளப்பான நெக் வியர்வையோடு சேர்ந்து கட்டைவிரலைப் பிடித்து இழுக்கும். நெக்கின் பின்பக்கத்தைச் சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட் பட்டையால், நீளவாக்கில், ஒரே அழுத்தத்தில் தேயுங்கள். பளபளப்பு மங்கியதும் நிறுத்திவிடுங்கள், மரம் வரை போக வேண்டியதில்லை. அப்புறம் ஃபிரெட்போர்டின் (நெக்கில் விரல் வைக்கும் பலகை) இரண்டு ஓரங்களையும் ஒரு ஸ்க்ரூடிரைவரின் வழவழப்பான தண்டால், ஃபிரெட்டுகளுக்கு (அதில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) இடையே சாய்வாக அழுத்தி உருட்டுங்கள். கூர்மை போய், பல வருடம் வாசித்த நெக் போல உள்ளங்கையில் வந்து உட்காரும். ஸ்டீல் உல் வேண்டாம். அதன் துகள்கள், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், எடுப்பது பெரும்பாடு. வேறு வழியில்லை என்றால் பிக்கப்புகளை டேப் போட்டு முழுதாக மூடிவிட்டுச் செய்யுங்கள்.

இதை முடித்துவிட்டு சில மாதம் வாசியுங்கள் என்பேன். அவசரமாக உடலில் உப்புத்தாளை வைக்காதீர்கள். வாசித்த பிறகு கிட்டாரை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். முன்கை படும் மேல் ஓரம், பிக் உரசும் இடம், பின்னால் பெல்ட் பக்கிள் படும் வட்டம் எல்லாம் லேசாக மங்கியிருக்கும். உங்கள் உடம்பு போட்டுக் கொடுத்த வரைபடம் அது. உட்கார்ந்தே வாசிப்பவருக்குப் பக்கிள் தழும்பு வராது, தொடையில் படும் கீழ் வளைவில்தான் தேய்மானம் வரும். ஐரிஷ் கிட்டார் கலைஞர் ரோரி கல்லகரின் 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டரில் சன்பர்ஸ்ட் பெரும்பகுதி போய் வெறும் மரம் தெரியும். அது அவருடைய வியர்வையும் கையும் செய்த வேலை. அந்தப் படத்தைப் பார்த்து அப்படியே உங்கள் கிட்டாரில் எடுத்தால், உங்கள் கை ஒரு இடத்திலும் தழும்பு வேறொரு இடத்திலும் இருக்கும். வாசிக்கத் தெரிந்தவர் கண்ணுக்கு அது உடனே பட்டுவிடும். 1995இல் ஃபெண்டர் கஸ்டம் ஷாப் முதல்முறையாகத் தேய்த்துப் பழசாக்கிய கிட்டார்களை விற்பனைக்குக் கொண்டுவந்ததிலிருந்து இது நல்லதா கெட்டதா என்று வாதம் நடக்கிறது. என்னைக் கேட்டால், தேய்மானம் வாசிப்பவரின் உடம்போடு பொருந்தினால் அது அழகுதான்.

இனி உடல். கம்பிகளைத் தளர்த்திக் கழற்றி, நெக்கைப் பிரித்து, வயர் இணைப்புகளைப் படம் எடுத்துக்கொண்டு எல்லாப் பாகங்களையும் வெளியே எடுத்துவிடுங்கள். பாலி பூச்சில் இருக்கும் பெரிய சிக்கல் அதன் தடிமன். ஒரே இடத்தில் தேய்த்தால் பூச்சு முடிந்து மரம் தொடங்கும் இடத்தில் படிக்கட்டு போல ஒரு விளிம்பு நிற்கும். இந்த விளிம்புதான் பெரும்பாலான வீட்டு வேலைகளைக் காட்டிக்கொடுக்கிறது. 220 அல்லது 320 எண் உப்புத்தாளில் நடுப்பகுதியைத் திறந்த பிறகு, 600, 1000, 2000 என்று போய், அந்த விளிம்பை இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்காவது சரிவாக இறக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் எல்லை எங்கே என்று தெரியக் கூடாது. நேரத்தை இங்கேதான் செலவழிக்க வேண்டும். கறுப்பு ஓரத்துக்கும் மரத்துக்கும் நடுவே கண்ணாடி போன்ற ஒரு தடித்த சீலர் (அடிப்பூச்சு) அடுக்கு வரும், பயப்பட வேண்டாம். மலிவான உடல்கள் பல துண்டுகளை ஒட்டிச் செய்தவை. ஒட்டுக்கோடு வெளியே தெரிய வாய்ப்புண்டு. அதனால் நடுப்பரப்பைத் தொடாமல் ஓரங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதை, குறிப்பாக ஸ்க்ரூ துளைகளுக்குப் பக்கத்தில், தவிர்த்துவிடுங்கள். மரம் ஈரத்தைக் குடித்து உப்பினால் துளையைச் சுற்றிப் பூச்சு தூக்கிக்கொள்ளும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் அது காயவும் நேரமாகும். உலர்வாகத் தேய்த்தால் தூசி பறக்கும், எனவே என்95 முகக்கவசம் கட்டாயம். தாழ்வாரத்தில் வைத்துத் தேய்க்காதீர்கள், தூசி பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் போகும். வீட்டுக்குள் ஜன்னலோரம் பழைய செய்தித்தாளை விரித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துச் செய்யுங்கள்.

திறந்த மரம் வெளிறிப் புத்தம்புதிதாக இருக்கும். பழைய மரம் வியர்வையும் அழுக்கும் ஏறிப் பழுப்பாக இருக்கும். பால், சர்க்கரை சேர்க்காத கெட்டித் தேநீரைத் துணியில் தொட்டு மெதுவாகத் தடவிக் காயவிட்டு மறுபடி தடவலாம். மரத்தில் மட்டும் படவேண்டும், துணி சொட்டக் கூடாது. கோப்பிக் கடைக் கோப்பித் தூளை எடுக்காதீர்கள். அந்தக் கொட்டைகளைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கிறார்கள், பிசுபிசுப்பு நிற்கும். இன்னும் நல்ல வழி, பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் இருக்கும் ஓவியப் பொருள் கடைகளில் ரா அம்பர் என்னும் பழுப்பு எண்ணெய் வண்ணம் ஒரு சிறு குழாய் வாங்கி, துளியளவு எடுத்துத் தேய்த்து உடனே துடைத்துவிடுவது. இழைகளுக்குள் மட்டும் நிறம் தங்கும். நன்றாகக் காய்ந்த பிறகு மெழுகோ டங் எண்ணெயோ ஒரு கை பூசினால் போதும்.

ஒரு விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். டங் எண்ணெய், ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி வைத்தால் அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். வீட்டுக் குப்பைக் குழாயில் அதைப் போட்டால் ஆபத்து முழு புளோக்குக்கும்தான். தண்ணீரில் ஊறவைத்து, அல்லது தட்டையாக விரித்து முழுக்கக் காயவைத்த பிறகே குப்பைக்கு அனுப்ப வேண்டும்.

உலோகப் பாகங்களுக்கு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் என்பேன். வருடம் முழுக்க 25க்கும் 33 டிகிரிக்கும் நடுவே நிற்கும் நம் வெப்பநிலை வெடிப்பைத் தராது. ஆனால் வாசித்துவிட்டுத் துடைக்காமல் வைத்தால், உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் ஸ்க்ரூக்கள் தானாகத் துருவேறிவிடும். பொறுமை இல்லையென்றால், கழற்றிய ஸ்க்ரூக்களையும் பிரிட்ஜில் கம்பி அமரும் சேடில்களையும் ஒரு மூடிய டப்பாவில், அடியில் கொஞ்சம் வினிகர் ஊற்றி, அதில் முங்காமல் மேலே வைத்து விடுங்கள். ஆவியே நிக்கலை மங்கவைக்கும், குரோமில் அவ்வளவாகப் பிடிக்காது. கழிப்பறை கழுவும் அமிலத்தை வீட்டுக்குள் இதற்குத் திறக்காதீர்கள். பிளீச்சோடு எந்த அமிலமும் சேரவே கூடாது, குளோரின் வாயு வரும். பிளாஸ்டிக்கில் பளபளப்பை மட்டும் எடுத்து, குமிழ்களின் வரிகளில் பழுப்பு ஷூ பாலிஷ் தேய்த்தால் போதும்.

பின்னால் கரோசல் இணையச் சந்தையில் விற்கும் எண்ணம் இருந்தால் உடலைத் தொடாதீர்கள், நெக்கோடு நிறுத்துங்கள். வீட்டில் தேய்த்த கிட்டாருக்கு எல்லோரும் விலை கொடுப்பதில்லை. அப்பாவோ மாமாவோ 1970களிலோ அதற்கு முன்போ வாங்கிய கிட்டார் வீட்டில் கிடந்தால் அதன்மேல் உப்புத்தாளைக் கொண்டுபோகாதீர்கள். பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கலாம், தூசியை மூச்சில் இழுப்பது நல்லதல்ல. தவிர, உண்மையாகப் பழசான கிட்டாரில் கை வைத்தால் அதன் மதிப்பு இறங்கிவிடும்.