மழைக்குப் பிறகு உவரிக் கடலில் குளிக்கலாமா?

கேள்வி: ஐப்பசியில் உவரிப் பக்கம் கடலோர விடுதியில் இரண்டு நாள் தங்கப் போகிறோம். போன தடவை கடலில் குளித்துவிட்டு வந்த என் 7 வயது மகனுக்கு வயிற்றுப்போக்கும் காதுவலியும் வந்துவிட்டன. கணவருக்குச் சர்க்கரை; உள்ளங்காலில் சின்னதாக ஒரு புண் இருக்கிறது. தண்ணீர் சுத்தமாகத்தான் தெரிகிறது. குளிக்கலாமா?
- வாசகி, வள்ளியூர்

பதில்: மகன் நாள் பார்த்துக் குளிக்கலாம். கணவர் இந்தத் தடவை கடலில் இறங்கவே வேண்டாம்.

குளிக்கும் கடல்நீரில் 100 மில்லிக்கு 100 மலக் கோலிஃபார்ம் கிருமிகள் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. அதைப் போல் பத்து மடங்கு இருந்தாலும் தண்ணீர் தெளிவாகவே தெரியலாம். அதனால் மழை எப்போது பெய்தது, ஓடை எங்கே கலக்கிறது என்று பாருங்கள். ஐப்பசி மழை ஊர்ச் சாக்கடையைக் கடலுக்குள் இழுத்து வந்துவிடும். கனமழை விட்டு மூன்று நாள் முழுசாகக் கழியட்டும். நம்பியாறு கடலில் சேரும் இடத்திலும், தண்ணீர் செம்மண் நிறமாகக் கலங்கியிருக்கும் இடத்திலும் இறங்கக் கூடாது. விடுதியின் கழிவுநீர் எங்கே போகிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கள்ளக்கடல் (முன்னறிகுறியில்லாமல் திடீரென எழும் பேரலை) எச்சரிக்கை இருந்தால் கரையோடு சரி.

குளித்து முடித்ததும் மகனுக்கு நல்ல தண்ணீர் ஊற்றித் தலையை இருபுறமும் சாய்த்துக் காதை வடியவிட்டு, வெளிப்புறம் மட்டும் துடையுங்கள். பட்ஸும் காய்ச்சிய எண்ணெயும் வேண்டாம். காதில் சீழ் வந்தால் கடல் குளியலே கூடாது. வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை முழுசாகக் கரைத்து, ஒவ்வொரு தடவை போன பிறகும் அரை முதல் ஒரு டம்ளர் கொடுங்கள். மலத்தில் ரத்தம் கண்டாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எனக்குக் கவலை உங்கள் கணவரைப் பற்றித்தான். வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ என்ற கிருமி இயல்பாகவே வாழ்கிறது. சாக்கடை கலக்காத கடலிலும் உண்டு. அது புண் வழியாக உள்ளே போனால், சர்க்கரைக்காரருக்கும் ஈரல் நோயாளிக்கும் ஒரே நாளில் கால் சிவந்து வீங்கி, கருநீலக் கொப்புளம் எழும்பலாம். பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு இறங்குவதும் பாதுகாப்பில்லை. அலையில் அது நனைந்து விலகிவிடும். தப்பித் தவறி கடல்நீர் பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். புண்ணில் கடல்நீர் பட்டதை முதலில் சொல்லுங்கள். அதைப் பொறுத்து ஆன்டிபயாடிக் மாறும்.

கால் மரத்திருந்தால் உச்சிவெயில் மணலும் கொப்புளிக்க வைக்கும், பாறையில் ஒட்டிய சிப்பி கிழித்தாலும் தெரியாது. அவர் வெயில் தாழ்ந்த பிறகு, பின்வார் வைத்த செருப்போடு மணலில் நடக்கட்டும். இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நீங்களே விளக்கடியில் பார்த்துவிடுங்கள்.