டீச்சரைக் கேளுங்கள்: மூன்று வயசுப் பிள்ளைக்கு மியூசியம் எதற்கு?

லீவு விட்டதும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மியூசியத்துக்கும் பழைய கோயில்களுக்கும் போய் வருவது எப்படி? பதில் சொல்பவர், தஞ்சைப் பக்கம் நெடுங்காலம் வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர்.

கேள்வி: டீச்சர், போன மாதம் எழும்பூர் மியூசியத்துக்குப் பையனையும் (5 வயது) பெண்ணையும் (3 வயது) கூட்டிப்போனோம். ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. சின்னது “வீட்டுக்குப் போலாம்” என்று ஒரே அழுகை. பெரியவன் எதையும் பார்க்காமல் படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தான். “பத்து வயசுக்கு மேல கூட்டிட்டு வந்தா போதும், இப்ப எல்லாம் வீண்” என்கிறார் கணவர். அவர் சொல்வது சரியா?
— வாசகி, தாம்பரம்

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை, அம்மா. பத்து வயதுப் பிள்ளை உள்ளே நுழைந்ததும் போர்டைப் படிக்கத் தொடங்கிவிடும். படிக்கத் தெரியாத வயதில்தான் பொருளை நேராகப் பார்க்கும். அந்த வயதை வீணாக்காதீர்கள்.

ஆனால் அன்றைக்கு எத்தனை கூடங்களுக்குள் போனீர்கள் என்று எழுதவில்லையே. 1851-இல் தொடங்கிய மியூசியம் அது. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துச் சேர்த்து இன்றைக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட காட்சிக்கூடங்கள், தனித்தனிக் கட்டடங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கப் பெரியவர்களாலேயே முடியாது. அடுத்த தடவை இரண்டே இரண்டு இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விலங்கியல் பகுதி, திமிங்கலத்தின் எலும்புக்கூடு. மூன்று வயதுக்கு ‘பெரிசு’ என்பது புரியும், அது போதும். தலையிலிருந்து வால்வரை பிள்ளையை நடக்கச் சொல்லுங்கள். அடி எண்ணத் தெரிந்தவன் எண்ணட்டும், தெரியாதவள் நடக்கட்டும். அப்புறம் வெளியே வந்து மரத்தடியில் உட்காருங்கள், தண்ணீர் குடிக்கட்டும், ஓடட்டும். நீங்கள் தாம்பரம் என்பதால் இன்னொன்றும் சொல்லலாம்: உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த வண்டலூர் ஜூ முதன்முதலில் 1855-இல் இந்த மியூசியம் வளாகத்தில்தான் தொடங்கியது. “இங்கதான் முதல்ல ஜூ இருந்துச்சாம்” என்று சொல்லிப் பாருங்கள், உங்கள் பையன் அந்த இடத்தைப் பார்க்கிற பார்வையே மாறும்.

இரண்டாவது, வெண்கலச் சிலைகள். எல்லாச் சிலையும் வேண்டாம். திருவாலங்காட்டு நடராசர் முன்னால் போய், வழியை மறிக்காமல் தரையில் உட்காருங்கள். பிள்ளையின் கண் மட்டத்துக்கு நீங்களும் இறங்கினால்தான் அது எதைப் பார்க்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். பிறகு பையனை எழுப்பி, வலது காலை ஊன்றி இடது காலைக் குறுக்கே தூக்கி நிற்கச் சொல்லுங்கள். “இன்னும் ரெண்டு கை வேணுமே?” என்று கேட்டு, அவன் பின்னால் நீங்கள் நின்று உங்கள் கைகளை நீட்டுங்கள். நான் கூட்டிப்போன எந்த வகுப்பும் இதை விட்டதில்லை. காலைத் தூக்கி நின்று தள்ளாடிய பிள்ளைக்கு, அந்தச் சிலை தள்ளாடாமல் நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்று உடம்பே சொல்லிவிடும்.

அங்கேயே திருவெண்காட்டு அர்த்தநாரி இருக்கிறார். “எத்தனை கைன்னு எண்ணு” என்று மட்டும் சொல்லுங்கள். மூன்று வரும். தப்பு என்று நினைத்துத் திரும்ப எண்ணுவார்கள், மறுபடியும் மூன்றுதான். சிவன் பக்கம் இரண்டு, அம்மன் பக்கம் ஒன்று. அதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். அதோடு கிளம்பிவிடுங்கள், பிள்ளை “இன்னும் கொஞ்சம்” என்று கேட்டாலும் கிளம்புங்கள். அடுத்த தடவை அதுவே உங்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்.

கணவரிடம் நான் கோபமாகச் சொல்லவில்லை என்று சொல்லுங்கள். அவரையும் ஒற்றைக் காலில் நிற்க வையுங்கள்.

கேள்வி: கீழடி அருங்காட்சியகம் போய் வந்ததிலிருந்து என் மகள் (6 வயது), “அந்தப் பெரிய பானைக்குள்ள செத்தவங்களை வச்சாங்களாம்மா?” என்று ராத்திரி ராத்திரி கேட்கிறாள். “சின்னப் பிள்ளையை அங்கெல்லாம் ஏன் கூட்டிட்டுப் போனே?” என்று என் மாமியார் கோபிக்கிறார். என்ன பதில் சொல்வது?
— வாசகி, மதுரை

பதில்: “ஆமாம், வச்சாங்க” என்று சொல்லுங்கள். மழுப்பினால்தான் பயம் கூடும். “அந்தக் காலத்துல நம்ம ஊர்ப்பக்கம் ஒருத்தர் இறந்துபோனா, அவரைத் தாழியில வச்சு, பக்கத்துல சின்னச் சின்ன மண்கலங்களும் வைப்பாங்க. அவர்மேல அவ்வளவு பிரியம்.” இவ்வளவு போதும். பானைக்குள் பொருள் வைத்தது எதற்கு என்று கேட்பாள். “உனக்கு என்ன தோணுது?” என்று அவளிடமே திருப்பிக் கேளுங்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் இதற்குச் சொல்லும் பதில்களைக் கேட்டு நான் வாயடைத்துப் போயிருக்கிறேன். மாமியாரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். தன் வீட்டில் இறந்தவர்களுக்குப் படையல் வைக்கும் பழக்கத்தை அவரைவிட நன்றாக யார் சொல்லப் போகிறார்கள்?

அடுத்து, அந்த இடத்தின் இன்னொரு பக்கத்தையும் அவளுக்குக் காட்ட வேண்டும். கீழடியில் இடுகாடு தனி, அது கொந்தகைப் பக்கம். மக்கள் குடியிருந்த பகுதியில் கிடைத்தவற்றில் விளையாட்டுச் சாமான்கள் ஏராளம்: பகடைக் காய், ஆட்டக்காய், உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகள். நம் தெருவில் பாண்டி ஆடப் பிள்ளைகள் தேய்த்து வைத்துக்கொள்கிற அதே சில்லுதான். கி.மு. ஆறாம் நூற்றாண்டுவரை பழமை சொல்லப்படுகிற ஊர் அது. மறுபடி போகும்போது நேராகச் சில்லு இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு உடைந்த பூந்தொட்டித் துண்டைக் கொடுத்துத் தரையில் தேய்க்கச் சொல்லுங்கள். வட்டமாக வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவளுக்கே தெரியும். மீதி ஓட்டில் ஆணியால் அவள் பெயரைக் கீறட்டும், பக்கத்தில் நீங்கள் இருங்கள். கீழடிப் பானை ஓடுகளில் ‘ஆதன்’ என்று பெயர் கீறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தன் பானையில் தன் பெயர் வேண்டும் என்று ஒருவர் நினைத்திருக்கிறார். அந்த ஆசை எந்தப் பிள்ளைக்கும் புரியும்.

ராத்திரிக் கேள்வி இன்னும் சில நாள் வரும், வரட்டும். ஒவ்வொரு தடவையும் அதே பதிலை அதே குரலில் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. கல்லைக் கண்டால் ஏறுவான், சிலையைக் கண்டால் தொடுவான். மாமல்லபுரத்தில் காவலர் விசில் ஊதியபடியே இருந்தார், எனக்கு அவமானமாகிவிட்டது. கையைப் பிடித்தால் கத்துகிறான். மறுபடி போகலாமா?
— வாசகர், புதுச்சேரி

பதில்: தாராளமாகப் போங்கள் தம்பி. நாலு வயதுக்குக் கைதான் கண். தொடாதே என்று சொன்னால் மட்டும் போதாது, எதைத் தொடலாம் என்று கூடவே சொல்ல வேண்டும்.

போனதும் முதலில் வெண்ணெய் உருண்டைப் பாறைக்குப் போங்கள். ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள், அதையும் சொல்லுங்கள். அந்தச் சரிவில் ஏறட்டும், சறுக்கட்டும், நீங்கள் கீழே நின்று பிடியுங்கள். கால்சட்டை தேய்ந்தால் தேயட்டும். உடம்பில் இருக்கிற ஓட்டம் அங்கே தீர்ந்த பிறகு அர்ச்சுனன் தபசுக்கு வாருங்கள்.

அங்கே மேலே இருக்கும் தேவர்களைக் காட்டாதீர்கள். அவன் உயரத்துக்குக் கீழ்வரிசைதான் சரி. பெரிய யானை, அதன் காலடியில் குட்டிகள். அருகே ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது, அதைச் சுற்றி எலிகள். “பூனை நிஜமாவே சாமி கும்பிடுதா?” என்று கேளுங்கள், பதில் சொல்லிவிடாதீர்கள். பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்ளும் ஒரு மான் இருக்கிறது. எனக்கு அந்த மொத்தப் பாறையிலும் மிகவும் பிடித்தது அதுதான். ஏழாம் நூற்றாண்டில் ஒரு சிற்பி மானை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருக்கிறான். பக்கத்தில் கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும் காட்சி. மாடு கன்றை நக்கிக்கொண்டே நிற்கிறது. மாடு கறப்பதையே பார்த்திராத இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நீங்கள் அதையும் விளக்க வேண்டியிருக்கும்.

தொடுவது பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லிப் புரிய வைக்கலாம். அவன் உள்ளங்கையை உங்கள் மூக்குக்கண்ணாடியில் அழுத்தச் சொல்லுங்கள். பிசுபிசுப்பாகக் கறை விழும். “நீ ஒருத்தன் தொட்டா இவ்வளவு. இங்க தினமும் எத்தனை பேர் வர்றாங்க பாரு.” நாலு வயதுக்கு இது நன்றாகவே புரியும். அப்புறம், பாதியில் விட்ட பாறைகள் மலைமேல் நிறைய இருக்கின்றன. உளியால் வரிசையாகக் குழி போட்டு, பிளக்காமலே விட்டுப் போனவை. சிற்பம் இல்லாத அந்தக் குழிகளுக்குள் விரலை விட்டுப் பார்ப்பதற்கு யாரும் விசில் ஊத மாட்டார்கள். திரும்பும் வழியில் சிற்பப் பட்டறை ஒன்றின் வாசலில் நில்லுங்கள். உளிச் சத்தம் கேட்டு, கல் தெறிப்பதைப் பார்த்துவிட்டால் காலையில் பார்த்த யானை எப்படி வந்தது என்று அவனுக்கே பிடிபடும்.

கேள்வி: கோவையிலிருந்து இரண்டு நாள் பயணமாகத் தஞ்சாவூர் வருகிறோம். பெரிய கோயில், அரண்மனை, சரஸ்வதி மகால், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், சுவாமிமலை எல்லாம் பார்க்க ஆசை. கூட மாமனார், மாமியார். பிள்ளைகளுக்கு 7 வயது, 3 வயது. எந்த வரிசையில் பார்ப்பது?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வரிசை அப்புறம், முதலில் பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள். கங்கைகொண்ட சோழபுரம் தனியாக ஒரு நாள் கேட்கிற இடம், அதை இன்னொரு லீவுக்கு வையுங்கள். ராஜேந்திரன் எங்கும் போய்விட மாட்டார்.

பெரிய கோயிலுக்கு விடிந்ததும் போங்கள், இல்லாவிட்டால் மாலை நான்கரைக்கு மேல். நடுப்பகலில் கல்தரை கொதிக்கும். செருப்பில்லாத மூன்று வயதுக் கால் அதைத் தாங்காது, பிறகு ராஜராஜ சோழனே வந்து விளக்கினாலும் காதில் ஏறாது. பெரியவர்கள் சன்னதிக்குப் போகும்போது ஒருவர் பிள்ளைகளோடு வெளியே இருங்கள், மாற்றி மாற்றிப் போகலாம். 1010-இல் கட்டி முடித்த கோயில், விமானம் இருநூறு அடிக்கு மேல். இந்த எண்ணிக்கையெல்லாம் சின்னதுக்கு வேண்டாம். தரையில் மல்லாக்கப் படுத்து உச்சியைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவளுக்கு இரண்டு வேலை. ஒன்று, விமானத்தின் நிழல் கீழே விழாது என்று யாராவது சொல்வார்கள். “வா, பார்த்துடலாம்” என்று சாயங்காலம் நிழலைத் தேடிப் போங்கள், கண்டுபிடித்துவிடுவாள். இரண்டு, அடிச்சுவர் முழுக்கக் கல்வெட்டு. ஆயிரம் வருஷத்து எழுத்து என்றாலும் ட, ப போன்றவை நமக்குப் பழகிய வடிவத்துக்கு நெருக்கம். எத்தனை ‘ட’ கண்டுபிடிக்கிறாள் பாருங்கள். வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடாதபடி, அதில் என்ன இருக்கிறது என்றும் சொல்லுங்கள்: கோயிலில் ஆடிய நானூறு பெண்களின் பெயர்கள், எந்தத் தெருவில் எத்தனாவது வீடு என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள்.

அரண்மனைக் கலைக்கூடத்தில் ஒரே ஒரு சிலைக்காகப் போங்கள்: திருவெண்காட்டு ரிஷபவாகனர். 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தலைமுடியைத் தலைப்பாகைபோல் சுற்றி, பாம்புகளை அதில் பின்னிக்கொண்டு, கால்களைக் குறுக்கே வைத்து ஒயிலாக நிற்பார். ஒரு கை மட்டும் காற்றில் எதன் மேலோ சாய்ந்திருக்கும். காளை இருந்த இடம் அது, காளை இப்போது இல்லை. “இந்தக் கைக்குக் கீழ என்ன இருந்திருக்கும்?” என்று கேளுங்கள். சின்னவளைக் குனிய வைத்துப் பெரியவள் அவள் தோளில் கையைச் சாய்த்து நின்றால், காளை வந்துவிடும். கோயில் கலை பற்றி நான் வகுப்பில் பேசியதெல்லாம் மறந்த மாணவர்கள், இந்தக் காளையை மட்டும் இன்னமும் கேட்கிறார்கள்.

மறுநாள் தாராசுரம் போதும். இரண்டாம் ராஜராஜன் கட்டியது, கூட்டம் குறைவு, பிள்ளைகள் ஓடப் புல்தரை இருக்கிறது. யானையும் காளையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் சிற்பத்தைத் தேடுங்கள். கல்லில் படாமல், கண்ணுக்கு நேரே உள்ளங்கையை வைத்து ஒரு உடம்பை மறைத்தால் யானை, அடுத்ததை மறைத்தால் காளை. அது கிடைக்கும்வரை தேடுவதே பாதி நாள் விளையாட்டு. அங்கிருந்து சுவாமிமலை பக்கம்தான், மாமியார் மனசும் நிறையும். சரஸ்வதி மகால் ஓலைச்சுவடிகளுக்காக ஒரு நாள் நீங்கள் மட்டும் தனியாக வாருங்கள்.

கேள்வி: பேரனை எங்கே கூட்டிப்போனாலும் வீட்டுக்கு வந்ததும் என்ன பார்த்தாய் என்று கேட்பேன். “ஒண்ணுமில்ல” என்கிறான். மறதியா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: இல்லை ஐயா, பரீட்சை வைத்தால் யாருமே வாயைத் திறக்க மாட்டார்கள். கேள்வியை விட்டுவிட்டு நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள், அதிலும் கொஞ்சம் தப்பாக. “அந்த யானைக்கு ஒரு குட்டிதானே இருந்துச்சு?” என்றால் உடனே திருத்துவான்.

கேள்வி: கையில் என்னென்ன கொண்டுபோக வேண்டும்? லீவு நாள், டிக்கெட் விவரம் சொல்லுங்கள்.
— வாசகி, விருதுநகர்

பதில்: தண்ணீர், மாற்றுத் துணி, வாழைப்பழம், கல்தரைக்குப் பழைய காட்டன் சாக்ஸ், ஒரு பென்சில், நாலு வெற்றுத் தாள். காட்சிக்கூடத்துக்குள் எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள், எறும்பும் பூச்சியும் வந்தால் உள்ளே இருக்கும் பொருளுக்குத்தான் கேடு. உள்ளே நுழையும் முன்பே கழிவறை எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாமல்லபுரம் போன்ற மத்தியத் தொல்லியல் துறை இடங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிக்கெட் இல்லை. எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை லீவு. அங்கே மாடிப்படிகள் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுபவருக்குப் பின்னால் இன்னொருவர் வரட்டும்.