மணல்மேட்டில் ஆர்சி டிரக்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தார்ச் சாலையில் ஆர்சி (ரிமோட்டில் ஓட்டும்) வண்டியின் ட்ரிக்கரை, அதாவது ரிமோட்டின் வேக விசையை, விட்டால் வண்டி தானாகக் கொஞ்ச தூரம் உருளும். மணலில் விட்ட இடத்திலேயே நிற்கும். அதாவது மோட்டாருக்கு ஓய்வே கிடையாது, ஓடும் நேரமெல்லாம் சுமைதான். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அந்தச் சுமையிலிருந்து கிளம்பியவை. மீதி, மணல் புகக்கூடாத இடத்தில் புகுந்ததால் வந்தவை.

1/10 அளவு (நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு) டூ-வீல் டிரைவ் டிரக். மைதானத்தில் நன்றாக ஓடுகிறது. மணலில் பத்தடி போனதும் பின்சக்கரம் குழி பறித்து உட்கார்ந்துவிடுகிறது. பேடில் டயர் (சுற்றிலும் துடுப்பு போன்ற தகடுகள் உள்ள டயர்) வாங்கினால் தீருமா? (ஷார்ஜா)

தீரும், பின்சக்கரத்துக்கு மட்டும் போட்டால். முன்னால் நடுவில் ஒற்றை வரப்பு ஓடும் ரிப் டயர் போடுங்கள். முன்னாலும் பேடில் போட்டால் ஸ்டியரிங் கேட்காது. மணலைச் சீவித் திரும்ப ஒரு விளிம்பு வேண்டும், துடுப்புக்கு அந்த விளிம்பு இல்லை. ஃபோர்-வீல் டிரைவ் என்றால் கதை வேறு. அதற்கு நான்கிலும் பேடில் போடலாம்.

பேடிலுக்குத் திசை உண்டு. வண்டியைத் தரையில் வைத்து மேலிருந்து பாருங்கள். சக்கரத்தின் உச்சியில் இருக்கும் துடுப்பின் குழிந்த பக்கம் வண்டியின் மூக்கைப் பார்த்து இருக்கவேண்டும். அது சுழன்று அடிக்கு வரும்போது குழிவு பின்பக்கம் திரும்பி மணலை அள்ளித் தள்ளும். இடது வலது மாறியிருந்தால் துடுப்பின் முதுகுதான் மணலில் வழுக்கும். "பேடில் போட்டும் ஏறவில்லை" என்று வருகிற வண்டிகளில் முதலில் இதைப் பாருங்கள். இதே காரணத்தால் ரிவர்ஸில் பேடில் டயரிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்தது ஓட்டும் விதம். பேடில் வேகமாகச் சுழன்றால்தான் வண்டி மணல்மேல் மிதக்கும், மெதுவாகச் சுழன்றால் தோண்டும். எனவே சரிவில் கீழ்நோக்கி நிறுத்திக் கிளப்புங்கள். புதைந்துவிட்டால் ட்ரிக்கரை அழுத்திக்கொண்டே நிற்காமல் நடந்து போய்த் தூக்கிவிடுங்கள். அந்த ஐந்து விநாடி அழுத்தலில் இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவி) வாங்கும் அடி, ஐந்து நிமிட ஓட்டத்தில்கூட வாங்காதது. பேட்டரி அறையில் முன்னோ பின்னோ ஒரு ஸ்பாஞ்ச் கட்டை இருந்தால் அதை முன்னால் வைத்து, பேட்டரியைப் பின்னுக்குத் தள்ளுங்கள். பின்சக்கரத்தில் எடை கூடும், மூக்கு மணலில் குத்தாது.

பேடில் போட்ட பிறகு மோட்டாரைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. நாலே நிமிடத்தில் இஎஸ்சி கட் ஆகிறது. பெரிய மோட்டார் மாற்றவேண்டுமா? (துபாய்)

மோட்டாரை மாற்றுவதற்கு முன் பினியனை (மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்) மாற்றுங்கள். செலவு பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

கணக்கைப் பாருங்கள். ஸ்பர் (பினியன் சுற்றும் பெரிய பல்சக்கரம்) 54 பல், பினியன் 13 பல், டிஃபின் (சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல்) உள்விகிதம் 2.85 என்று வைத்துக்கொள்வோம். 54-ஐ 13-ஆல் வகுத்து 2.85-ஆல் பெருக்கினால் 11.84. சக்கரம் ஒரு சுற்று சுற்ற மோட்டார் 11.84 சுற்று சுற்றுகிறது. பினியனை 11 பல்லாகக் குறைத்தால் அது 13.99 ஆகும். சக்கரத்தில் அதே இழுவைக்கு மோட்டார் வாங்கும் மின்னோட்டம் சுமார் 15 சதவீதம் குறையும். கம்பிச்சுருளில் எழும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது கால் பங்குக்கு மேல் இறங்கிவிடும். இரண்டு பல்லுக்கு இவ்வளவு வித்தியாசம். உச்ச வேகம் குறையும்தான், ஆனால் மணலில் அந்த உச்ச வேகத்தை எப்படியும் எட்டப்போவதில்லை.

பினியன் மாற்றும்போது பல் இடைவெளியைப் புதிதாக வைக்கவேண்டும். நோட்டுத்தாளில் ஒரு கீற்றுக் கிழித்து இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவே கொடுத்து, மோட்டாரை நெருக்கி, திருகை இறுக்கிவிட்டுத் தாளை உருட்டி எடுங்கள். தாள் கிழியாமல் மடிப்பு மடிப்பாக வந்தால் சரி. பினியனின் சின்னத் திருகு மோட்டார் தண்டின் தட்டையான பக்கத்தில் உட்காரவேண்டும். நீலநிற த்ரெட்லாக் (திருகு இளகாமல் பிடிக்கும் பசை) ஒரு துளி போதும்.

சூட்டைக் கையால் தொட்டுத் தீர்மானிக்காதீர்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். மூன்று நிமிடம் ஓட்டி நிறுத்தி மோட்டார் உடலை அளந்து பாருங்கள். 80 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் தொடரலாம். 90-ஐத் தொட்டால் அன்றைக்குப் போதும், இன்னும் ஒரு பல் குறைக்கவேண்டும். அதற்கு மேல் போகப்போக ரோட்டரின் (மோட்டாருக்குள் சுழலும் பகுதி) நியோடிமியம் காந்தம் பலம் இழக்கும். இழந்தது ஆறினாலும் திரும்பாது. பிறகு அதே மோட்டார் அதே வேலைக்கு இன்னும் அதிக மின்சாரம் கேட்கும்.

சூடாகிறதே என்று 3எஸ் (மூன்று செல்) பேட்டரியை விட்டு 2எஸ்-க்கு (இரண்டு செல்) இறங்குகிறவர்கள் உண்டு. பேடிலுக்குச் சுழற்சி வேகம் வேண்டும் என்பதால், சின்னப் பினியனோடு 3எஸ் என்பதே என் தேர்வு. 2எஸ் போட்டால் வேகம் போதாமல் முழு ட்ரிக்கரிலேயே ஓட்டுவீர்கள். ஆனால் மோட்டாரும் இஎஸ்சியும் 3எஸ் தாங்கும் என்று கையேட்டில் இருந்தால் மட்டும்.

ஸ்லிப்பர் கிளட்ச் (சுமை மீறினால் வழுக்கிக் கொடுக்கும் கிளட்ச்) உள்ள வண்டியா? அது இளகியிருந்தாலும் இதே சூடு வரும், அங்கே ஸ்பர் நடுவில் உருகிய வாடை அடிக்கும். மணலில் ஸ்லிப்பரைச் சற்று இறுக்கமாகவே வையுங்கள்.

லேண்ட் குரூஸரில் மணலுக்குள் இறங்கும்முன் டயர் காற்றைக் குறைக்கிறோமே, ஆர்சி டயருக்கு என்ன செய்வது? (அபுதாபி)

இதில் குறைக்கக் காற்றே இல்லை, உள்ளே ஸ்பாஞ்ச்தான் இருக்கிறது. அதே பலன் வேண்டுமென்றால் மென்மையான ஸ்பாஞ்ச் போட்ட, அகலமான டயர் வாங்கலாம். வண்டி எடையைக் குறைப்பது அதைவிட நல்ல வழி. அலுமினிய பாகங்களைக் கழற்றினாலே வித்தியாசம் தெரியும்.

ரிம்மில் மூச்சுத் துளை இருந்தால் டக்ட் டேப் ஒட்டி அடையுங்கள். அதன் வழியாக மணல் உள்ளே போய்விட்டால் வெளியே வராது. சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். சரசரவென்றால் போய்விட்டது என்று அர்த்தம். ஒரு பக்கம் கனத்த சக்கரம் வேகத்தில் வண்டியையே உதறும்.

பல்சக்கரத்துக்கு நன்றாக கிரீஸ் வைத்துத்தான் ஓட்டினேன். ஒரே நாளில் ஸ்பர் பல் கூராகத் தேய்ந்துவிட்டது. ஏன்? (மஸ்கட்)

கிரீஸ் வைத்ததால்தான். வெளியே திறந்திருக்கும் ஸ்பர், பினியனுக்கு எண்ணெய்ப் பசையே கூடாது. கிரீஸும் மணலும் சேர்ந்தால் எமரித்தாள் மாதிரி அறுக்கும். பிளாஸ்டிக் ஸ்பர் காய்ந்தபடியே ஓடட்டும். பல்சக்கர மூடியைக் கட்டாயம் போடுங்கள், அது சேஸியோடு (வண்டியின் அடித்தட்டு) சேரும் விளிம்பில் இடைவெளி தெரிந்தால் மெல்லிய ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டுங்கள். டிஃபுக்குள் இருக்கும் கிரீஸோ சிலிக்கோன் எண்ணெயோ வேறு விஷயம், அது சீல் செய்த அறை.

ஓட்டி முடித்ததும் எல்லோரும் செய்யும் தவறு, கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடிப்பது. வெளியே இருக்கும் மணலை அது பேரிங்குக்குள் தள்ளிவிடும். முதலில் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் துடையுங்கள், பிறகு மெல்லிய காற்று, அதுவும் பேரிங்கைப் பார்த்து நேராக அடிக்காமல். ஷாக் தண்டுகளைத் துணியால் துடைத்த பிறகே அமுக்கிப் பாருங்கள். மணலோடு அமுக்கினால் தண்டில் கீறல் விழும், அந்தக் கீறல் ஓ-ரிங்கை அறுக்கும், அடுத்த வாரம் எண்ணெய் கசியும். ரப்பர் உறை கிடைத்தால் ஷாக்குக்கு மாட்டிவிடலாம்.

பேரிங் சோதனைக்குப் பினியனை விலக்கிவிட்டு ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றுங்கள். கரகர என்றால் அந்த மூலையைப் பிரிக்கவேண்டும். குண்டூசியால் ரப்பர் மூடியை நெம்பி எடுத்து, ஐசோபுரோபில் ஆல்கஹாலில் ஊறவைத்துச் சுற்றி, உலர்த்தி, ஒரு துளி எண்ணெய் விட்டு மூடுங்கள். கழுவியும் கரகரப்பு போகவில்லை என்றால் தூக்கி எறியுங்கள். மணலுக்கு உலோக மூடி பேரிங்கைவிட ரப்பர் மூடி பேரிங் நல்லது. சுழற்சி சற்று இறுக்கமாக இருக்கும், பரவாயில்லை.

தேரி (எங்கள் பக்கத்துச் செம்மணல் மேடு) மணலில் ஓட்டினேன். மோட்டாரைச் சுற்றிக் கறுப்புத் தூள் ஒட்டியிருக்கிறது, ஊதினாலும் போகவில்லை. மோட்டார் தேய்கிறதா? (திருச்செந்தூர்)

மோட்டார் தேயவில்லை. அது மணலிலேயே இருக்கும் தாது. தேரி மணல் சிவப்பாக இருப்பது குவார்ட்ஸ் மணிகள்மேல் படிந்த இரும்பு ஆக்ஸைடால். அதோடு இல்மனைட், கார்னெட் போன்ற கனதாதுக்களும் கலந்திருக்கின்றன. மணவாளக்குறிச்சியில் தோண்டியெடுக்கும் இல்மனைட்டும் இந்த வகைதான். இவற்றில் காந்தத்துக்கு இழுபடும் துகள்கள் ரோட்டரைத் தேடிப் போகும்.

கவலைப்படவேண்டியது வெளியே ஒட்டியதைப் பற்றி அல்ல. உங்கள் மோட்டாரின் முன்முகத்திலோ பின்மூடியிலோ காற்றுத்துளை இருக்கிறதா? இருந்தால் தூள் உள்ளேயும் போயிருக்கும். ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் (கம்பிச்சுருள் உள்ள, சுழலாத பகுதி) நடுவே உள்ள இடைவெளி மிகக் குறைவு, அதில் தூள் சேர்ந்தால் உரசி, சுருளின் வார்னிஷ் போய், ஷார்ட் ஆகும். மோட்டாரைப் பிரித்து ரோட்டரை வெளியே எடுங்கள் (காந்தம் வலுவாக இழுக்கும், விரல் ஜாக்கிரதை). மாஸ்கிங் டேப்பின் பசைப் பக்கத்தை ரோட்டர்மேல் ஒற்றி ஒற்றி எடுத்தால் தூள் டேப்போடு வந்துவிடும். காற்றடித்தால் இடம் மாறுமே தவிரப் போகாது. தேரியில் தொடர்ந்து ஓட்டுவதாக இருந்தால் முழுக்க மூடிய மோட்டார்தான் ஒரே வழி.

இன்னொன்று. குதிரைமொழித் தேரியில் காப்புக்காட்டுப் பகுதி இருக்கிறது. வனத்துறையிடம் கேட்காமல் உள்ளே வண்டி விடாதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மணல் தானே பறக்கும். அப்போது ஓட்டினால் மூடியிருக்கும் இடத்திலும் தூசி புகும்.

இஎஸ்சி ஃபேன் மாதம் ஒன்று போகிறது. (ஷார்ஜா)

பெண்கள் அணியும் நைலான் ஸ்டாக்கிங்கில் ஒரு துண்டு வெட்டி ஃபேன்மேல் இழுத்துக் கட்டுங்கள். காற்று சற்றுக் குறையும், மணல் நிற்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிவிடவேண்டும். பாடியின் முன்கண்ணாடி வெட்டித் திறந்திருந்தால் அதையும் மூடுங்கள். எப்படியும் உதிரி ஃபேன் ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.

சென்டர் டிஃப் (முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிப்பது) உள்ள 1/8 டிரக். மேடு ஏறும்போது முன்சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றி ஊதிப்போகிறது. (தோஹா)

ஏறும்போது எடை பின்னுக்குப் போகிறது, முன்சக்கரம் லேசாகிறது. சக்தி எப்போதும் சுலபமாகச் சுற்றும் பக்கம் ஓடும். சென்டர் டிஃபில் சிலிக்கோன் எண்ணெயின் கெட்டித்தன்மையை 1,00,000 சிஎஸ்டி அளவுக்குக் கொண்டுபோங்கள். முன்பின் டிஃப்களை மாற்றவேண்டாம், அவற்றையும் கெட்டியாக்கினால் திரும்பாது.

மேட்டின் உச்சியைத் தாண்டியதும் சிக்னல் போய் வண்டி எங்கோ ஓடிவிட்டது. ரேஞ்ச் கூட்ட வழி உண்டா? (துபாய், லஹ்பாப் பக்கம்)

ரேஞ்ச் பிரச்சினை அல்ல இது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மணல்மேட்டைத் துளைத்து வராது. உங்களுக்கும் வண்டிக்கும் நடுவே மணல் இருக்கக்கூடாது, அதனால் நீங்கள் உச்சியில் நின்று ஓட்டுங்கள். ரிசீவர் ஆன்டெனாவின் நுனியில் உறை இல்லாத 31 மி.மீ. கம்பிதான் வேலை செய்வது. அதைக் குழாயில் நிமிர்த்தி வையுங்கள், சேஸிக்குள் சுருட்டி வைக்காதீர்கள்.

ஃபெயில்சேஃப் (சிக்னல் போனால் வண்டியை நிறுத்தும் அமைப்பு) வைத்திருக்கிறீர்களா? சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிவைத்து, லேசாக ட்ரிக்கர் கொடுத்தபடி டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். சக்கரம் நிற்கவேண்டும். நிற்கவில்லை என்றால் அதைச் சரிசெய்யாமல் வெளியே எடுக்கவே கூடாது.

மேட்டின் அமைப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். காற்று வரும் பக்கம் சரிவு குறைவு, மணல் இறுகியிருக்கும். ஏற வேண்டியது அந்தப் பக்கம். மறுபக்கம் சுமார் 32 முதல் 34 டிகிரி சரிவில் மணல் சரிந்து விழத் தயாராக நிற்கும். அதில் இறங்கினால் நேராக இறங்குங்கள், குறுக்கே போனால் உருளும். ஏறும்போது வேகம் செத்தால் பிரேக் போடாமல் மெல்ல வளைத்துக் கீழே திருப்புங்கள். விடுமுறை நாளில் அந்தப் பக்கமெல்லாம் குவாட் பைக்கும் பக்கி காரும் பறக்கும். முழங்கால் உயரம்கூட இல்லாத உங்கள் வண்டியை அவர்கள் பார்க்கமாட்டார்கள். கூட்டமில்லாத மேடாகப் பாருங்கள், வண்டிக்கு ஒரு கொடியும் வையுங்கள்.

லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகளை ஊருக்கு விமானத்தில் கொண்டுபோகலாமா? வெயிலில் சார்ஜ் செய்வது சரியா? (அல் ஐன்)

கைப்பையில் மட்டும். செக்-இன் பெட்டியில் உதிரி லித்தியம் பேட்டரி வைக்கக்கூடாது. 100 வாட்-அவர் வரை பொதுவாக அனுமதி உண்டு, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டு. 3எஸ் 5000 எம்ஏஎச் என்றால் 11.1 வோல்ட் பெருக்கல் 5 ஆம்பியர்-அவர், 55.5 வாட்-அவர். கனெக்டர் முனையில் டேப் ஒட்டி, செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்து எடுத்துப் போங்கள். எத்தனை பேட்டரி என்பதை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள்.

ஓட்டி எடுத்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள், நிழலில் ஆறட்டும். கார் டிக்கியில் பகல் முழுக்க விட்டுவைத்த பேட்டரி வீங்கும். வீங்கியதை மறுபடி பயன்படுத்தாதீர்கள். மணலில் மின்னழுத்தம் ஓட்டத்தின் நடுவே அதிகம் சரிவதால் கட்-ஆஃபை (இஎஸ்சி தானே நிறுத்தும் மின்னழுத்தம்) செல்லுக்கு 3.4 வோல்ட்டில் வைப்பது பாதுகாப்பு.

வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருக்கிறது. கடற்கரை ஈர மணலில் ஓட்டலாமா? (சென்னை)

நல்ல தண்ணீருக்குத்தான் அந்த உத்தரவாதம். உப்புநீர் பட்டால் அன்றே நல்ல தண்ணீரில் அலசி, கனெக்டர், பேரிங் எல்லாவற்றையும் உலர்த்தவேண்டும். ஒரு இரவு விட்டாலே திருகுத் தலைகளில் துரு தெரியும். அலை எட்டாத காய்ந்த மணலிலேயே ஓட்டுங்கள்.