கோபம் தலைக்கேறினால் எந்த சிகிச்சை?

கேள்வி: எனக்கு வயது 31. யாராவது குரலை உயர்த்தினாலே கோபம் தலைக்கேறிவிடுகிறது. கத்தி முடித்த பிறகுதான் யோசனையே வருகிறது, அப்புறம் அழுகை. பேச்சு சிகிச்சைக்குப் போகலாம் என்றால் சிபிடி, டிபிடி, ஏசிடி என்று அடுக்குகிறார்கள். எனக்கு எது சரிவரும்?

பதில்: ‘கத்தி முடித்த பிறகுதான் யோசனை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வைத்தே முடிவெடுக்கலாம்.

சிபிடி (Cognitive Behavioral Therapy, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை) எண்ணத்திலிருந்து தொடங்கும். 1960-களில் மனச்சோர்வுக்காக அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் வகுத்த முறை இது. அனுப்பிய மெசேஜுக்குப் பதில் வரவில்லை. ‘என்னை ஒதுக்குகிறார்’ என்று மனம் சொல்கிறது. அதற்கு என்ன ஆதாரம், வேறு காரணம் இருக்குமா என்று எழுதிப் பார்க்கப் பழக்குவார்கள். பெரும்பாலும் வாரம் ஒரு முறை, 12 முதல் 20 அமர்வுகள். எண்ணத்தைப் பிடிக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைப்பவர்களுக்கு நல்ல பலன் தரும். உங்களுக்கு அந்த அவகாசமே கிடைப்பதில்லை.

அதனால் டிபிடி (Dialectical Behavior Therapy, பொங்கும் உணர்ச்சிகளைச் சமாளிக்கக் கற்றுத்தரும் சிகிச்சை) திறன் பயிற்சியில் தொடங்குங்கள் என்பேன். தற்கொலை எண்ணத்தோடு போராடுபவர்களுக்காக அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கியது. விழிப்புடன் கவனிப்பது, நெருக்கடியைத் தாங்குவது, உணர்ச்சியைக் கையாள்வது, உறவுகளில் கேட்கவும் மறுக்கவும் தெரிவது என நான்கு திறன்களைக் கற்றுத்தருவார்கள். உதாரணத்துக்கு ஒன்று: கோபம் பொங்கும்போது மூச்சை அடக்கி, குளிர்ந்த நீரில் முகத்தைச் சில நொடிகள் அமிழ்த்தினால் இதயத்துடிப்பு குறையும். பேசுவதற்கு முன் ஓர் இடைவெளி கிடைக்கும். இதயக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். முழு டிபிடி என்றால் தனி அமர்வு, குழு வகுப்பு இரண்டும் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகும். உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது என்றே நினைக்கிறேன். கொஞ்சம் நிதானம் வந்ததும் சிபிடிக்கு மாறலாம்.

ஏசிடி (Acceptance and Commitment Therapy, உணர்ச்சியை ஏற்றுக்கொண்டு, தனக்கு முக்கியமானதை நோக்கிச் செயல்படப் பழக்கும் முறை), உணர்ச்சிக்குப் பயந்து வாழ்க்கையையே சுருக்கிக்கொள்பவர்களுக்கு அதிகம் உதவும். பழைய காயங்களைத் துருவும் சைக்கோடைனமிக் முறைக்கு நாளாகும்; அதைப் பிறகு யோசிக்கலாம்.

இன்னொன்று. யாரிடம் போகிறோம் என்பதும் முறைக்கு நிகராக முக்கியம். முதல் சந்திப்பிலேயே, ‘கோபம் வரும் அந்த நேரத்தில் என்ன செய்வது என்று கற்றுத்தருவீர்களா?’ என்று நேரடியாகக் கேளுங்கள். சில அமர்வுகள் போன பின்பும் மனம் விட்டுப் பேச முடியவில்லையா? தயங்காமல் ஆளை மாற்றுங்கள். தூக்கம், தைராய்டு, மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள் இவற்றோடு கோபம் கூடிக் குறைகிறதா என்றும் மருத்துவரிடம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உங்களையோ பிறரையோ காயப்படுத்தும் எண்ணம் எப்போது வந்தாலும் அடுத்த அமர்வு வரை காத்திருக்காதீர்கள். அன்றே மனநல மருத்துவரையோ அவசர சிகிச்சைப் பிரிவையோ அணுகுங்கள்.