ட்ரிஃப்ட் சிமுலேட்டரில் 90 டிகிரி லாக் எதற்கு?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அசெட்டோ கோர்சா என்ற கார் ஓட்டும் கேமில் நிசான் எஸ்13 மோட் (ரசிகர்கள் செய்து சேர்த்த கார்) ஓட்டுகிறேன். லாஜிடெக் ஜி29 ஸ்டீரிங் வைத்திருக்கிறேன். கூட ஓட்டும் பையன்கள் 75, 80 என்கிறார்கள். ஒருவர் 90 டிகிரி லாக் போட்டிருக்கிறார். அசல் ட்ரிஃப்ட் காரில் முன் சக்கரம் எவ்வளவுதான் மடங்கும்? நான் என்ன எண் போடுவது?"

ட்ரிஃப்ட் என்பது வாலை வேண்டுமென்றே சறுக்கவிட்டு வளைவில் ஓட்டுவது; லாக் என்பது அப்போது முன் சக்கரம் நடுவிலிருந்து ஒரு பக்கம் மடங்கக்கூடிய உச்சக் கோணம். அதை 55 முதல் 60 டிகிரி வரை போடுங்கள். இப்போதுதான் பழகுகிறீர்கள் என்றால் 45 போதும். 90 என்பது ட்ரிஃப்ட் காரே அல்ல, சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி.

முதலில் எந்தக் கோணத்தைப் பேசுகிறோம் என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கையிலுள்ள ஸ்டீரிங் 900 டிகிரி சுற்றுவது ஒன்று, தரையிலுள்ள சக்கரம் மடங்குவது வேறொன்று. நாம் பேசுவது சக்கரத்தை. கடையிலிருந்து வந்தபடியே இருக்கும் காரில் அது 35 முதல் 40 டிகிரிக்குள் நின்றுவிடும். மைவி, சாகா போன்ற முன்சக்கர இழுவைக் கார்களில் டிரைவ் ஷாஃப்ட் மூட்டும் ஒரு தடை. பின்சக்கர இழுவைக் காரில் அந்தத் தடை இல்லாததால் நக்கிளை (முன் சக்கரத்தைத் தாங்கும் பாகம்) வெட்டி ஒட்டி, ராக்கில் (ஸ்டீரிங் சுற்றும்போது பக்கவாட்டில் நகரும் தண்டு) ஸ்பேசர் வைத்து 45, 50 வரை கொண்டுவருகிறார்கள். எஸ்தோனியாவின் வைஸ்ஃபேப் போன்றோர் செய்யும் முழு ஆங்கிள் கிட் போட்டால் 60, 65 கிடைக்கும். அதற்கு மேல் போனால் டயர் லோவர் ஆர்மிலும் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) சேசிஸிலும் முட்டும். அதைவிட மோசம், ராக்கிலிருந்து வரும் டை ராடும் அது இழுக்கும் நக்கிளின் ஸ்டீரிங் ஆர்மும் ஒரே நேர்க்கோட்டுக்கு வந்துவிடுவது. அந்தக் கோட்டைத் தாண்டினால் ராக் திரும்ப இழுத்தாலும் சக்கரம் மறுபக்கம் வராது, லாக்கிலேயே சிக்கிக்கொள்ளும்.

சரி, உண்மையில் எவ்வளவு தேவை? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 மீட்டர் ஆர வளைவில் 45 டிகிரி சறுக்கலை (கார் நகரும் திசைக்கும் மூக்குக்கும் இடையிலான கோணம்) அப்படியே பிடித்து வைத்திருக்கிறீர்கள். கார் சுழன்றுகொண்டே போவதால், முன் அச்சு நிற்கும் இடத்தில் அது நகரும் திசைக்கும் மூக்குக்கும் இடையே 45 இருக்காது, சுமார் 43தான் இருக்கும். முன் டயர் காரை வளைவின் உள்பக்கம் இழுக்க வேண்டுமானால், அந்தத் திசையைவிட இன்னும் 5 டிகிரியாவது குறைவாகத்தான் எதிர்ப்பக்கம் (வளைவின் வெளிப்பக்கமாக) மடங்கியிருக்க வேண்டும். மிஞ்சுவது 38. அதாவது சறுக்கும் கோணத்தைவிட எதிர்த்திருப்பம் எப்போதும் குறைவு. 38 டிகிரி லாக் உள்ள கார் 45 டிகிரி சறுக்கலைத் தாங்கும், ஆனால் கையில் மிச்சம் ஒன்றும் இருக்காது. வால் இன்னும் 3 டிகிரி போனால் சுழன்றுவிடும். இதே கணக்கில் 60 டிகிரி சறுக்கலுக்கு 54 வேண்டும். 60 லாக் இருந்தால் 6 டிகிரி கைவசம். நான் 55 முதல் 60 வரை என்றதற்கு இதுதான் காரணம்.

90 டிகிரிக்கு மேல் வாலை வீசிக்கொண்டு வளைவுக்குள் நுழைகிறார்களே என்று கேட்கலாம். அது நொடி நேர வீச்சு. வேகமும் பின் டயரும் ஹேண்ட்பிரேக்கும் சேர்ந்து காரைத் திரும்பக் கொண்டுவருகின்றன. அப்போதும் முன் சக்கரம் 60இல்தான் நிற்கிறது. லாக் கட்டுப்படுத்துவது நிலைத்து நிற்கும் சறுக்கலைத்தான்.

இனி உங்கள் மோட். கேமின் கார்களை நிர்வகிக்கும் கன்டென்ட் மேனேஜர் மென்பொருளில் காரின் டேட்டாவைப் பிரித்து, கார் ஐஎன்ஐ கோப்பில் கன்ட்ரோல்ஸ் பகுதியைத் திறங்கள். ஸ்டீர் லாக் என்பது நடுவிலிருந்து ஒரு பக்கம் ஸ்டீரிங் சுற்றும் அளவு. ஸ்டீர் ரேஷியோவால் அதை வகுத்தால் சக்கரக் கோணம். 450ஐ 8ஆல் வகுத்தால் 56. உங்கள் ஜி29 மொத்தம் 900 சுற்றும் என்பதால் இது அப்படியே பொருந்தும். பழகும்போது 360, 8 என்று வைத்தால் 45. பலர் செய்யும் தவறு, ரேஷியோவைத் தெருக்காரின் 15இலேயே விட்டுவிட்டு ஸ்டீர் லாக்கை மட்டும் ஏற்றுவது. அப்படி 60 டிகிரி பெற ஒரு பக்கமே 900 டிகிரி சுற்ற வேண்டும், எந்தக் கைக்கும் முடியாது. அசல் கிட் ஸ்டீரிங் ஆர்மைச் சுருக்கிவிடுகிறது. ராக் நகரும் தூரம் மாறாமலே சக்கரம் அதிகம் மடங்குகிறது, ரேஷியோ தானாக 9, 8 என்று இறங்குகிறது.

டேட்டா கோப்புறையில் மாற்றியும் காரில் ஒன்றும் மாறவில்லையென்றால், பக்கத்திலேயே டேட்டா ஏசிடி கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது இருக்கும்வரை கேம் அதைத்தான் படிக்கும். பெயரை மாற்றி வையுங்கள், அழித்துவிடாதீர்கள்.

வகுத்து வரும் எண்ணை முழுதாக நம்பவும் வேண்டாம். சக்கரம் உண்மையில் எவ்வளவு மடங்குகிறது என்பதைத் தீர்மானிப்பவை ஸ்டீர் ராட் அளவும் சஸ்பென்ஷன் புள்ளிகளும். மோட் செய்தவர் இவற்றை ஒத்துப்போகச் செய்திருக்காவிட்டால் கோப்பில் 56 இருந்தாலும் தரையில் 70 இருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: டிஃப் லாக்கை (பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே வேகத்தில் சுழலவைக்கும் பூட்டு) முடிந்தவரை குறைத்து, முழு லாக்கில் முதல் கியரில் ஊர்ந்து வட்டம் போடுங்கள், மேலிருந்து பாருங்கள். எஸ்13இன் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 2.475 மீட்டர். 38 டிகிரியில் முன் அச்சின் நடுப்புள்ளி போடும் வட்டத்தின் விட்டம் சுமார் 8 மீட்டர், 60 டிகிரியில் 5.7 மீட்டர். கார் ஏறக்குறைய 4.5 மீட்டர் நீளம் என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கப் பின் சக்கரம் ஒரே இடத்தில் நின்று கார் அதைச் சுற்றிப் பம்பரமாகத் திரும்பினால் லாக் 73, 74 டிகிரி. அதற்கு மேலும் போனால் அந்தச் சக்கரம் பின்னோக்கி உருளும்! பின் அச்சைப் பூட்டி ஓட்டும் ட்ரிஃப்ட் காரில் அதற்கு இடமே இல்லை.

அக்கர்மன் என்ற சக்கர அமைப்பையும் கவனியுங்கள். தெருக்காரில் திரும்பும் பக்கத்துச் சக்கரம் மற்றதைவிட அதிகம் மடங்கும். கார் நிறுத்துமிடத்தில் அது நல்லது. பெரிய எதிர்த்திருப்பத்தில் இரண்டு முன் டயரும் இரண்டு திசையில் இழுத்து வேகத்தைத் தின்னும். நல்ல கிட்கள் இரண்டையும் ஏறக்குறைய இணையாக்குகின்றன. மோட் கார் முழு லாக்கில் காரணமில்லாமல் வேகம் இழந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

ஜி29 பற்றி. ட்ரிஃப்ட்டில் ஸ்டீரிங்கைத் திருப்புவதில்லை, விட்டுப் பிடிக்கிறோம். கியரில் ஓடும் ஜி29 அந்த வேகத்தில் சுழலத் திணறும். லாஜிடெக்கின் ஜி ஹப் மென்பொருளில் சுழற்சி 900, சென்டரிங் ஸ்பிரிங் (ஸ்டீரிங்கை நடுவுக்கு இழுப்பது) அணைத்து வையுங்கள். கேமிலும் 900, டேம்பர் (ஸ்டீரிங் சுழல்வதைத் தடுத்து மெதுவாக்குவது) பூஜ்யம். அப்படியும் பின்தங்கினால் கார் கோப்பில் 360, 6.5 என்று வையுங்கள், 55 டிகிரி அப்படியே இருக்கும், கைவேலை குறையும். ஆனால் 6க்குக் கீழே இறங்காதீர்கள். கை ஒரு அங்குலம் கூடினாலே தேவைக்கு மேல் எதிர்த்திருப்பம் போய்விடும். முன் டயர் திடீரென்று மறுபக்கம் கடித்து, கார் வளைவுக்கு வெளியே சுவரை நோக்கிப் பாயும். 80, 90 போட்டவர்கள் ஓயாமல் இதில்தான் மாட்டுவார்கள். கூடவே, பிளாட்டில் இரவில் ஓட்டுபவர் என்றால் ஃபோர்ஸ் ஃபீட்பேக்கை (மோட்டார் ஸ்டீரிங்குக்குத் தரும் விசை) கொஞ்சம் இறக்குங்கள், அந்தக் கியர்ச் சத்தம் பக்கத்து வீடுவரை கேட்கும்.

கடைசியாக ஒன்று. டேட்டாவை மாற்றிய காருடன் ஆன்லைன் சர்வரில் நுழைந்தால், கோப்புச் சரிபார்ப்பு இருக்கும் இடங்களில் வெளியே தள்ளிவிடும். நண்பர்களோடு ஓட்ட வேண்டுமானால் எல்லாரும் ஒரே கோப்பை வைத்துக்கொள்ளுங்கள். அந்த 90 டிகிரிக்காரரையும் சேர்த்துத்தான்.