வரிக் கெடுவுக்குள் வீடு வாங்குதல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வீட்டையோ மனையையோ விற்றுவிட்டு, அதில் கிடைத்த ஆதாயத்திற்கு வரி கட்டாமலிருக்க வேறொரு வீட்டைத் தேடிக்கொண்டிருப்பவர்களிடமிருந்து இம்முறை நிறையக் கேள்விகள் வந்துள்ளன. ஏதோ ஒரு தேதிக்குள் பத்திரம் பதிவாகிவிட வேண்டும் என்ற பதற்றம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் தெரிகிறது. அந்தத் தேதி எது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பதில்களில் வரும் பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தைச் சேர்ந்தவை. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் எண்கள் மாறினாலும் இங்கே சொல்லப்படும் காலவரம்புகள் மாறவில்லை.

எங்கள் பழைய வீட்டை 2025 நவம்பர் 10 அன்று 90 லட்சம் ரூபாய்க்கு விற்றேன். ஆதாயம் ஏறக்குறைய 40 லட்சம். மார்ச் 31க்குள் வேறு வீடு பதிவாகாவிட்டால் விலக்குக் கிடைக்காது என்று தரகர் நெருக்குகிறார். அவர் காட்டும் வீட்டின் பத்திரங்களை வழக்கறிஞரிடம் காட்டக்கூட அவகாசம் இல்லை. என்ன செய்வது?

மார்ச் 31 என்ற தேதிக்கும் உங்கள் விலக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த குடியிருப்பு வீட்டை விற்றவர், விற்ற நாளுக்கு ஓராண்டு முன்போ ஈராண்டுகளுக்குள்ளோ இந்தியாவில் ஒரு வீட்டை வாங்கினால், அல்லது மூன்றாண்டுகளுக்குள் கட்டி முடித்தால், பிரிவு 54இன் கீழ் விலக்குப் பெறலாம். ஆகவே வாங்குவதற்கு 2027 நவம்பர் 9 வரையிலும், கட்டுவதற்கு 2028 நவம்பர் 9 வரையிலும் உங்களுக்குக் காலம் இருக்கிறது.

இடையில் வருகிற முக்கியமான தேதி, வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கான கடைசி நாள். உங்களைப் போன்றவர்களுக்கு அது பொதுவாக ஜூலை 31. அதற்குள் வீடு வாங்கியாக வேண்டும் என்பதில்லை. அந்த நாள்வரை வீட்டிற்காகச் செலவிடாமல் எஞ்சியிருக்கும் ஆதாயத் தொகையை, 1988ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி அங்கீகரிக்கப்பட்ட வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு ஒன்றைத் தொடங்கிப் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். சாதாரண சேமிப்புக் கணக்கிலோ வழக்கமான வைப்புநிதியிலோ அந்தப் பணம் இருந்தால் கணக்கில் வராது. தாமதமாகக் கணக்குத் தாக்கல் செய்த சிலருக்கு உயர் நீதிமன்றங்கள் கருணை காட்டியது உண்மை என்றாலும், வழக்காடிப் பெற வேண்டிய ஒன்றை நம்பி யாரும் இந்த நாளைத் தவற விடக் கூடாது.

இன்னொன்றையும் கணக்கிட்டுப் பாருங்கள். 40 லட்சம் ஆதாயத்திற்கு 12.5 விழுக்காடு வரி 5 லட்சம், அதன்மேல் 4 விழுக்காடு கூடுதல் வரியையும் சேர்த்தால் 5.2 லட்சம். வீட்டை 2024 ஜூலை 23க்கு முன்பு வாங்கியிருந்தால், பணவீக்கச் சரிக்கட்டலுடன் 20 விழுக்காடு என்ற பழைய முறையில் கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். வரி முழுவதையும் கட்ட நேர்ந்தாலும் உங்கள் இழப்பு இவ்வளவுதான். உரிமையில் பழுதுள்ள வீட்டை வாங்கினால் முதலீடு மொத்தமும் நீதிமன்றப் படிகளில் கிடக்கும். பத்திரங்களை வழக்கறிஞரிடம் கொடுங்கள். அவர் கேட்கும் நாட்களையும் கொடுங்கள்.

எங்களுக்கு உண்மையிலேயே ஏழு வாரங்கள்தான் இருக்கின்றன, ஈராண்டு முடியப்போகிறது. வீடு பிடித்துவிட்டது, விலையும் பேசியாயிற்று. வங்கிக் கடனும் வாங்க வேண்டும். எதை எப்படி விரைவுபடுத்துவது?

ஏழு வாரங்கள் போதும். ஆனால் ஒரு வேலை முடிந்த பிறகே அடுத்ததைத் தொடங்குவது என்றிருந்தால் போதாது. முதல் நாளே விற்பவரிடம் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: அசல் பத்திரங்கள் அவர் கையில் இருக்கின்றனவா, அல்லது வங்கியில் அடமானமாக இருக்கின்றனவா? அடமானம் என்றால் உங்கள் கால அட்டவணையை முடிவு செய்யப்போவது அந்த வங்கிதான். கடன் முழுவதும் தீர்ந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. அது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. வங்கி அந்த 30 நாட்களையும் முழுதாக எடுத்துக்கொண்டால் உங்கள் ஏழு வாரங்களில் நான்கு போய்விடும். எனவே நிலுவைத் தொகைக்கான கடிதத்தை உடனே பெறச் செய்து, உங்களுக்குக் கடன் தரும் வங்கியே அந்த நிலுவையை நேரடியாகச் செலுத்தி ஆவணங்களைப் பெற்றுக்கொள்ள முடியுமா என்று இரு வங்கிகளையும் கேளுங்கள். அடமானம் தீர்ந்ததற்கான ரசீது ஆவணமும் பதிவாக வேண்டும். இல்லையென்றால் வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் அப்படியே நிற்கும்.

அதே வாரத்தில் உங்கள் வழக்கறிஞரிடம் தாய்ப் பத்திரங்களின் நகல்கள், குறைந்தது 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று, விற்பவர் பெயரிலுள்ள பட்டா, கட்டட அனுமதி வரைபடம், சொத்து வரி ரசீது ஆகியவற்றை ஒரே கட்டாகக் கொடுத்துவிடுங்கள். வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் இணையத்திலேயே எடுத்துவிடலாம் என்பதால், இவற்றுக்காக யாரையும் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. அதே கட்டின் இன்னொரு படியை வங்கிக்குக் கொடுங்கள். வங்கி தன் வழக்கறிஞரைக் கொண்டு தனியாகச் சரிபார்க்கும்; அந்தச் சரிபார்ப்பு வங்கியின் பாதுகாப்புக்கானது, உங்கள் வழக்கறிஞரின் கருத்துக்கு மாற்றாகாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் இரண்டு வாரங்கள் மிச்சமாகும். வருமானச் சான்றுகளைக் கொடுத்து உங்கள் கடன் தகுதியை முன்கூட்டியே உறுதி செய்துகொண்டால், சொத்து ஆய்வு முடிந்தவுடன் ஒப்புதல் வந்துவிடும். ஆவணங்களில் பெயரின் எழுத்துகளும் முதலெழுத்தும் ஆதார், பான் அட்டைகளோடு ஒத்துப்போகின்றனவா என்றும் இப்போதே பாருங்கள். கடைசி நாளில் பதிவு நின்றுபோவது பெரும்பாலும் இப்படிப்பட்ட சிறு வேறுபாடுகளால்தான்.

கிரய ஒப்பந்தத்தை வெற்றுத்தாளில் எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவுக்கான நேர ஒதுக்கீட்டை இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். நெரிசல் மிகுந்த சார்பதிவாளர் அலுவலகங்களில் கூடுதல் கட்டணத்தில் தட்கல் டோக்கனும் உண்டு. முகூர்த்த நாட்களில் டோக்கன் கிடைப்பது அரிது என்பதால், வளர்பிறைக்காகக் காத்திருக்கும் வழக்கத்தை இந்த ஒருமுறை தளர்த்திக்கொள்ளச் சொல்லி வீட்டுப் பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையையும் 2 விழுக்காடு பதிவுக் கட்டணத்தையும் கடனாகத் தர வங்கிகள் பொதுவாக முன்வருவதில்லை. அந்தப் பணத்தைக் கையில் வைத்திருங்கள். இந்தச் செலவுகளும் வீட்டின் அடக்க விலையில் சேரும், விலக்கிலும் கணக்காகும்.

மூலதன ஆதாயக் கணக்கில் பணம் இருந்தால், எடுத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் அதை வீட்டிற்காகப் பயன்படுத்த வேண்டும். உரிய படிவம் கொடுத்துத்தான் எடுக்க முடியும் என்பதால், பதிவுக்கு முதல் நாள் மாலையில் வங்கிக்குப் போய் நிற்காதீர்கள்.

நாங்கள் வாங்கும் வீடு விற்பவரின் தந்தையார் பெயரில் இருந்தது. அவர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். விற்பவரின் தங்கை சிங்கப்பூரில் இருக்கிறார். "தங்கை கையெழுத்தைப் பிறகு வாங்கித் தருகிறேன், இப்போது நான் மட்டும் எழுதிக் கொடுக்கிறேன்" என்கிறார் விற்பவர். கெடு நெருங்குகிறது, சம்மதிக்கலாமா?

கூடாது. தங்கையின் பங்கை அண்ணன் விற்க முடியாது. அப்படி எழுதினால் அண்ணனின் பங்கு மட்டுமே உங்களுக்கு வரும். தங்கை நேரில் வர இயலாவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரியின் முன்னிலையிலோ கையொப்பமிட்டுப் பொது அதிகார ஆவணம் ஒன்றை அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் உரிய முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். சொத்தின் அட்டவணையும் விற்கும் அதிகாரமும் அதில் தெளிவாக இருக்கட்டும். வரைவை உங்கள் வழக்கறிஞரே எழுதி மின்னஞ்சலில் அனுப்பினால் ஒருமுறை திருப்பி அனுப்பும் அலைச்சல் குறையும்.

தங்கை வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வாழ்பவர் என்றால் இன்னொரு தாமதம் காத்திருக்கிறது. உள்நாட்டு விற்பனையாளருக்கு விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் நீங்கள் விலையில் 1 விழுக்காட்டை விற்பவரின் வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டினால் போதும். வெளிநாட்டில் வாழ்பவரின் பங்கிற்கு அதைவிட மிக உயர்ந்த விகிதத்தில் பிடிக்க வேண்டும், 50 லட்ச வரம்பும் அவருக்குப் பொருந்தாது. குறைந்த விகிதத்திற்கான சான்றிதழை அவர் வருமான வரித் துறையிடம் பெற விரும்பினால் அதற்குச் சில வாரங்கள் ஆகும். இன்றே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

பத்திரத்தில் கையொப்பமிட்ட நாள் கெடுவுக்குள்ளும், பதிவு நாள் கெடுவுக்குப் பிறகும் வந்தால்?

பதிவுச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி, பதிவான ஆவணம் அது எழுதிக் கொடுக்கப்பட்ட நாளிலிருந்தே செயல்படும். எழுதிய நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய 23ஆம் பிரிவு இடம் தருகிறது. சார்பதிவாளர் அலுவலக இணையம் ஒருநாள் முடங்கினால் இது கைகொடுக்கும். இல்லாத தேதியைப் பின்னோக்கிப் போடுவது வேறு, அது குற்றம். 2014இல் உச்ச நீதிமன்றம், உயில் தொடர்பான வழக்கால் கிரயம் தள்ளிப்போன ஒருவருக்கு, பழைய வீட்டை விற்க ஒப்பந்தம் போட்ட நாளையே விற்ற நாளாகக் கொண்டு விலக்கு அளித்தது. அவர் பக்கம் தவறு ஏதும் இல்லாததாலும், தடை நீதிமன்றத்தால் வந்ததாலும் கிடைத்த தீர்ப்பு அது. எல்லோருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2024 செப்டம்பரில் வீட்டை விற்று, ஆதாயத்தை மூலதன ஆதாயக் கணக்கில் வைத்திருக்கிறேன். கட்டுமானத்திலுள்ள அடுக்குமாடி வீட்டிற்கு முன்பதிவு செய்திருக்கிறேன். நிறுவனம் இப்போது 2028இல்தான் சாவி தருமாம். விலக்குப் போய்விடுமா?

கட்டுமானத்திலிருக்கும் வீட்டைக் 'கட்டுதல்' என்றே கருதி, மூன்றாண்டு அவகாசம் கோரலாம். அரசு அமைப்புகளின் வீட்டுத் திட்ட ஒதுக்கீடுகளுக்கு மத்திய நேரடி வரிகள் வாரியம் 1986இல் இப்படி விளக்கம் தந்து, 1993இல் அதைக் கூட்டுறவுச் சங்கங்கள் முதலியவற்றின் ஒத்த திட்டங்களுக்கும் விரிவுபடுத்தியது. பணத்தை உரிய காலத்தில் கட்டியும் கட்டுமான நிறுவனத்தின் தாமதத்தால் வீடு கைக்கு வராதவர்களுக்குத் தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் ஆதரவாகவே நின்றுள்ளன. ஆகவே சாவியின் தேதியைவிட, 2027 செப்டம்பரில் மூலதன ஆதாயக் கணக்கில் எவ்வளவு பணம் மிச்சமிருக்கும் என்பதுதான் உங்கள் கவலையாக இருக்க வேண்டும். மூன்றாண்டு முடியும்போது செலவாகாமல் கிடக்கும் தொகை அந்த நிதியாண்டின் ஆதாயமாகி வரிக்கு உள்ளாகும்.

அதற்காகத் தவணைகளை முன்கூட்டியே கட்டிவிட நான் சொல்ல மாட்டேன். கட்டுமானம் எந்தத் தளத்தில் நிற்கிறது என்று நேரில் போய்ப் பார்த்து, ரெரா எனப்படும் வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்திலுள்ள திட்ட விவரங்களோடு ஒப்பிட்ட பிறகு முடிவெடுங்கள். வேலை நின்றுபோன திட்டம் என்றால், ஈராண்டு முடியும் 2026 செப்டம்பருக்குள் கட்டி முடிந்த வேறு வீட்டிற்கு மாறுவது பற்றி யோசியுங்கள்.

மனையை 60 லட்சத்திற்கு விற்றேன், ஆதாயம் 45 லட்சம். 45 லட்சத்திற்கு வீடு வாங்கினால் போதுமா?

போதாது. வீட்டை விற்றவர் ஆதாயத்தை முதலீடு செய்தால் போதும். மனை, நகை, பங்கு போன்றவற்றை விற்றவருக்குப் பிரிவு 54எஃப் பொருந்தும், அதில் நிகர விற்பனைத் தொகை முழுவதையும் போட வேண்டும். 40 லட்சம் மட்டும் போட்டால் அதே விகிதத்தில் 30 லட்சத்திற்கு விலக்கு. மீதி 15 லட்சத்திற்கு 1,95,000 ரூபாய் வரி. விற்ற நாளில் உங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகள் சொந்தமாக இருந்தால் இந்த விலக்கே இல்லை.

பாதித் தொகையை ரொக்கமாகக் கொடுத்தால் உடனே பதிவு செய்து தருவதாக விற்பவர் சொல்கிறார்.

விலகிவிடுங்கள். அசையாச் சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதைச் சட்டம் தடுக்கிறது. மேலும் பத்திரத்தில் காட்டாத தொகை உங்கள் விலக்கில் சேராது. எந்த வரியை மிச்சப்படுத்த ஓடுகிறீர்களோ அதையே பாதி இழப்பீர்கள்.

எவ்வளவு தேடியும் மனத்திற்கு ஏற்ற வீடு அமையவில்லை. வேறு வழியே இல்லையா?

விற்று ஆறு மாதங்கள் ஆகவில்லை என்றால், பிரிவு 54இசியின் கீழ் ஆர்இசி, பிஎஃப்சி, ஐஆர்எஃப்சி போன்ற நிறுவனங்களின் கடன் பத்திரங்களில் 50 லட்சம் வரை போடலாம். ஐந்தாண்டுகளுக்கு எடுக்க முடியாது. ஒரு பகுதியைப் பத்திரங்களிலும் மறு பகுதியைச் சிறிய வீட்டிலும் போடுவதற்கும் தடை இல்லை. ஆறு மாதம் தாண்டிவிட்டது, ஈராண்டும் முடியப்போகிறது, வீடும் பிடிக்கவில்லை என்றால் வரியைக் கட்டிவிடுங்கள். விலக்குப் பெற்று வாங்கிய வீட்டை மூன்றாண்டுகளுக்குள் விற்றால் அந்த விலக்கு திரும்பப் பெறப்படும் என்பதால், பிடிக்காத வீட்டை இப்போதைக்கு வாங்கிப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் பலிக்காது.